பட்ஜெட் கேமிங் பிசிக்கு ப்ராசஸர் எடுக்குறீங்களா, பேரை விட்டுட்டு எல்3 கேச்சை பாருங்க

பிசி கட்டப் போறேன்னு யாராவது பார்ட்ஸ் லிஸ்ட் அனுப்புனா நான் முதல்ல பாக்குறது ப்ராசஸர் லைனைத்தான். கிராபிக்ஸ் கார்டுக்கு எல்லாரும் நாலு ரிவ்யூ பாத்து, பெஞ்ச்மார்க் பாத்து, ரெண்டு நாள் யோசிச்சுதான் எடுக்கறாங்க. ப்ராசஸர்னு வந்தா மட்டும் நம்பர் பெருசா இருக்கு, கோர் இருக்கு, கிகாஹெர்ட்ஸ் இருக்கு, போதும்னு முடிச்சிடறாங்க. பட்ஜெட் ரேஞ்சுல அந்த நம்பர்தான் ஆளை ஏமாத்தும்.

ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 5500, ரைசன் 5 5600 ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் 6 கோர் 12 த்ரெட், ரெண்டும் 65 வாட், ரெண்டும் ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம்), ரெண்டும் 2022ல வந்தது, பூஸ்ட் ஸ்பீடு ஒண்ணு 4.2 இன்னொண்ணு 4.4 கிகாஹெர்ட்ஸ். இதைப் பாத்தா யாருக்கும் என்ன தோணும், சின்ன வித்தியாசம்தானே, கம்மி விலைக்கு கிடைக்கிறதை எடுப்போம்னுதான் தோணும். ஆனா உள்ள இருக்கிற சிப்பே வேற. 5500ங்கறது 5600ஜில வர்ற அதே சிப்பு, உள்ள இருக்கிற கிராபிக்ஸை மட்டும் அணைச்சு வச்சிருக்காங்க, அதனால எல்3 கேச், அதாவது ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற சின்ன வேகமான மெமரி, 16 எம்பிதான், கிராபிக்ஸ் கார்டுக்கு டேட்டா போற வழியான பிசிஐஇயும் 3.0தான். 5600ல 32 எம்பி, பிசிஐஇ 4.0.

சரி 5500தான் அப்படின்னு விட்டுடலாம்னா, ரைசன் 7 5700 இன்னும் மோசம். 5700எக்ஸ் நல்ல ப்ராசஸர், 8 கோர், 32 எம்பி கேச். 2024ல எக்ஸ் இல்லாம வெறும் 5700னு ஒண்ணு விட்டாங்க, அதுலயும் 8 கோர்தான், ஆனா கேச் 16 எம்பி, பிசிஐஇ 3.0. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். கேமுக்குன்னு பாத்தா அந்த "ரைசன் 7"ஐ விட "ரைசன் 5" 5600 பல கேம்ல முன்னாடி போயிடும். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5லயும் இதே கதைதான், 7500எஃப்ல 32 எம்பி, அதைவிட பெரிய நம்பர் போட்ட 8400எஃப்ல 16 எம்பி, போதாததுக்கு கிராபிக்ஸ் கார்டுக்கு 8 லேன் (பிசிஐஇ பாதை) மட்டும்தான் கிடைக்கும். புதுசா பிசி கட்டுற ஒருத்தர் 8400 பெருசா 7500 பெருசான்னு பாத்தா எதை எடுப்பார் சொல்லுங்க. எனக்கு இதுல உண்மையிலேயே கோவம் வருது, சேத்து வச்ச காசைப் போட்டு வாங்குறவங்களுக்கு பெட்டி மேல இருக்கிற பேராவது நேர்மையா இருக்கணும்.

கேச்சுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னா, கேம் ஓடுற விதம் அப்படி. 60 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 60 ஃப்ரேம், வேணும்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ப்ராசஸருக்கு கிடைக்கிற டைம் 16.7 மில்லிசெகண்ட், 144 எஃப்பிஎஸ்னா 7 மில்லிசெகண்ட் கூட கிடையாது. அதுக்குள்ள எதிரி எங்க நிக்கிறான், புல்லட் எங்க போகுது, எந்த கதவு திறந்திருக்கு, எதெல்லாம் ஸ்க்ரீன்ல வரையணும்னு எல்லாத்தையும் கணக்குப் போட்டு கிராபிக்ஸ் கார்டுக்கு ஆர்டர் குடுக்கணும். இந்த டேட்டா எல்லாம் மெமரில ஒரே இடத்துல வரிசையா இருக்காது, அங்கங்க சிதறிக் கிடக்கும். தேடுறது கேச்சுல இருந்தா உடனே கைக்கு வரும், இல்லேன்னா ரேமுக்குப் போய் எடுத்துட்டு வரணும், மேஜை மேல இருக்கிறதை எடுக்கிறதுக்கும் பரண்ல ஏறித் தேடுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். ரேம்ல இருந்து வர்ற வரைக்கும் கோர் பெரும்பாலும் சும்மா நிக்கும், அதோட கிகாஹெர்ட்ஸ் எவ்வளவு இருந்தாலும் அந்த நேரத்துல பிரயோஜனம் இல்ல.

இதுக்கு ஏஎம்டியே ஒரு ப்ரூஃப் குடுத்திருக்காங்க. 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி ரெண்டும் 8 கோர், ஒரே தலைமுறை. எக்ஸ்3டில ஸ்பீடை கொஞ்சம் குறைச்சு, கேச்சை மட்டும் 32ல இருந்து 96 எம்பி ஆக்குனாங்க. ஸ்பீடு கம்மியான அதுதான் கேம்ல தெளிவா ஜெயிச்சது.

அதுக்காக கேச் நம்பரை மட்டும் வச்சு எல்லாத்தையும் எல்லாத்தோடயும் ஒப்பிடக் கூடாது. ஒரே குடும்பத்துக்குள்ளதான் இந்த அளவுகோல். இன்டெல் ஐ5 12400எஃப்ல எல்3 18 எம்பிதான், ஆனா அதோட கோர் டிசைன் வேற, ஒவ்வொரு கோருக்கும் எல்2 கேச் பெருசு, அதனால 5600 கூட தைரியமா மோதும், எனக்கு ரெண்டுமே பிடிக்கும். இன்னொரு பக்கம், பழைய சர்வர்ல இருந்து கழட்டுன ஸீயான் ப்ராசஸரை போர்டோட சேத்து சல்லிசா விக்கறாங்க, இ5 2670 வி3 மாதிரி, 12 கோர் 24 த்ரெட், கேச்சே 30 எம்பி, பேப்பர்ல பாத்தா ஆசையாத்தான் இருக்கும். ஆனா அது 2014 சரக்கு, டர்போல கூட 3.1 கிகாஹெர்ட்ஸ்தான், ஒவ்வொரு கோரும் இன்னைக்கு வர்ற கோரை விட ரொம்ப ஸ்லோ. ரெண்டர் பண்ண எடுத்துக்கோங்க, கேமுக்கு வேண்டாம்.

இப்ப இருக்கிற பிசிலயே ப்ராசஸர்தான் தடையா இருக்கான்னு பாக்குறது ஈஸி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர் போட்டு ஸ்க்ரீன் ஓரத்துல ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) யூசேஜ், எஃப்பிஎஸ், அப்புறம் ஒவ்வொரு த்ரெட்டோட யூசேஜையும் தனித்தனியா வர்ற மாதிரி வைங்க. கேம்ல ஆள் நடமாட்டம் அதிகமா இருக்கிற இடத்துக்குப் போங்க, மார்க்கெட் தெரு, பெரிய சண்டை, அந்த மாதிரி. ஜிபியு 97, 98 சதவீதத்துல நின்னா ப்ராசஸர் பிரச்சனை இல்ல, காசை கார்டுல போடுங்க. ஜிபியு 60க்கு இறங்கி எஃப்பிஎஸ்ஸும் கூடவே விழுந்தா ப்ராசஸர் திணறுதுன்னு அர்த்தம், எஃப்பிஎஸ் லிமிட்டும் விசிங்க்கும் (மானிட்டர் ஸ்பீடோட எஃப்பிஎஸ்ஸை கட்டிப் போடற செட்டிங்) ஆஃப்ல இருக்கணும், அதை மறந்துடாதீங்க. மொத்த சிபியு (ப்ராசஸர்) யூசேஜ் 40தானே காட்டுதுன்னு நினைக்காதீங்க, 12 த்ரெட் இருக்கிற ப்ராசஸர்ல ஒரு த்ரெட் முழுசா முட்டி நின்னா மொத்த கணக்குல அது 8 சதவீதம் சொச்சம்தான் வரும், ஆனா கேமோட மெயின் த்ரெட் அதுவா இருந்தா மொத்த கேமும் அதுக்காக காத்துட்டு நிக்கும். சந்தேகமா இருந்தா ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்க, எஃப்பிஎஸ் ஏறவே இல்லேன்னா தடை ப்ராசஸர்தான்.

எவ்வளவு ப்ராசஸர் வேணும்ங்கறதை மானிட்டரும் நீங்க ஆடுற கேமும் முடிவு பண்ணட்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல கதை கேம் ஆடறவங்களுக்கு ஐ3 12100எஃப் கூட நிறைய கேம்ல ஓடிடும், ஆனா 4 கோர்தான்ங்கறதால புது பெரிய கேம்ல ஆவரேஜ் நல்லா காட்டி நடுநடுவுல இடிக்கும், ரிவ்யூல 1% லோன்னு, ரொம்ப மெதுவா வந்த ஃப்ரேம்களோட எஃப்பிஎஸ்ஸை, போடறாங்களே அந்த நம்பரைப் பாத்தா தெரியும். வேலரன்ட், சிஎஸ்2 மாதிரி கேமை 144 ஹெர்ட்ஸுக்கு மேல ஆடணும்னா கார்டுல கொஞ்சம் குறைச்சாவது நல்ல 6 கோர் எடுத்துடுங்க. 8 கோர் வேணும்னு பட்ஜெட்டை இழுக்கணும்னு அவசியமே இல்ல.

பிசிஐஇ விஷயம் எல்லாருக்கும் பெருசா தெரியாது, சின்ன கார்டு போடறவங்களுக்குத்தான் அடி விழும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன்லதான் ஓடும், அதை பிசிஐஇ 3.0ல மாட்டுனா பர்ஃபார்மன்ஸ் நல்லாவே குறையும். 5500 கூட அந்த கார்டைச் சேத்த லிஸ்டைப் பாத்தா உடனே ஒண்ணை மாத்தச் சொல்லிடுவேன். 5600 வாங்கியும் ஏ520 போர்டுல போட்டா 3.0தான், பி550 வேணும்.

ரேம் கண்டிப்பா ரெண்டு ஸ்டிக், ஒரே ஸ்டிக்ல எட்டோ பதினாறோ போட்டா பாதி பேண்ட்வித் (ஒரே நேரத்துல போற டேட்டா அளவு) போயிடும். மாட்டுனதும் பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதோட முழு ஸ்பீடுல ஓட வைக்கிற செட்டிங்கை, ஆன் பண்ணிட்டு டாஸ்க் மேனேஜர்ல மெமரி ஸ்பீடை ஒரு தடவை பாத்துடுங்க, 3200 ரேம் 2133லயோ 2400லயோ ஓடிட்டு இருக்கிற பிசி நிறைய இருக்கு.

ஏஎம்4ஆ ஏஎம்5ஆன்னா என் கருத்து இதுதான். கையில இருக்கிறது கம்மி, டிடிஆர்4 ரேம் ஏற்கனவே இருக்கு, அப்படின்னா 5600 இல்லேன்னா 12400எஃப், கண்ணை மூடிட்டு எடுக்கலாம். எல்லாமே புதுசு, கொஞ்சம் கூட போட முடியும்னா 7500எஃப், ஏன்னா ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரைக்கும் அதுக்கு மேலயும் சப்போர்ட் பண்ணுவோம்னு ஏஎம்டி சொல்லிருக்காங்க, பின்னாடி ப்ராசஸரை மட்டும் மாத்திக்கலாம். 12400எஃப் போற சாக்கெட் 14வது ஜெனரேஷனோட முடிஞ்சு போச்சு. பேர்ல எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, கார்டு மாட்டுனாத்தான் டிஸ்ப்ளே வரும், கார்டை அப்புறமா வாங்கிக்கலாம்னு இருக்கறவங்க இதை கவனிங்க.

பழைய பி450 போர்டை செகண்ட்ஹேண்ட்ல எடுத்து 5600 போடறதா இருந்தா போர்டு கம்பெனி சைட்ல சிபியு சப்போர்ட் லிஸ்ட்டை திறந்து எந்த பயாஸ் வெர்ஷன்ல இருந்து 5600 ஓடும்னு பாருங்க, விக்கறவர்கிட்டயே அந்த வெர்ஷனுக்கு அப்டேட் பண்ணி வாங்கிடுங்க, இல்லேன்னா ப்ராசஸரை மாட்டிட்டு ஃபேன் மட்டும் சுத்தும், ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது.