ஒரு நம்பர் பெரிய பூட்ஸ்

"பெருசா போட்டா காலு உள்ள ஆடுமே தம்பி" என்று, மருத்துவமனையில் நான் ஒரு நம்பர் பெரிய பூட்ஸ் எழுதிக் கொடுத்தபோது, தேயிலை பறிக்கும் அந்த அம்மா கேட்டார். "ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோங்கம்மா, சரியாயிடும்" என்றேன். மூன்றாவது வாரம், கோத்தகிரி பக்கம் ஒரு சரிவில் கொழுந்து மூட்டையோடு இறங்கும்போது விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்து வந்தார்.

பூட்ஸை மாற்றச் சொன்னது தப்பென்று இன்றும் தோன்றவில்லை. அவருடைய வலது கால் பெருவிரல் சாய்ந்து இரண்டாம் விரலுக்கு அடியில் நுழைந்திருந்தது. இரண்டாம் விரல் கொக்கிபோல மடங்கி, கணுவில் கால் ஆணி. பெருவிரலுக்கடியில் ஒரு காகித அட்டையை வைத்து அழுத்தச் சொல்லி இழுத்துப் பார்த்தேன். இடது காலில் பிடி இருந்தது. வலதில் அட்டை சும்மா வந்துவிட்டது. உடம்பு முன்னால் சாயும்போது தரையை அழுத்தி நம்மை நிறுத்துவதில் விரல்களுக்குப் பெரிய பங்குண்டு. பெருவிரல் அதைச் செய்யாவிட்டால் பாரம் பக்கத்து விரல்களின் அடிக்குப் போகும். அங்கே காய்ப்பு விழும், வலிக்கும். வலிக்கிற காலை யாரும் முழுதாக ஊன்ற மாட்டார்கள். குறுகலான கம்பூட்டில் (முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ்) இது இன்னும் மோசமாகும்.

ஆனால் அந்தக் காலுக்குத் தேவைப்பட்டது அகலம். நான் எழுதிக் கொடுத்தது நீளம். நம்பர் கூடினால் குதிகாலும் தளரும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி, எந்த விரலுக்காக இடம் விட்டோமோ அதுவே போய் முட்டும். நனைந்த சாக்ஸ் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அவர் சொன்னதும் இதைத்தான்.

அன்று மழை. களிமண் சரிவு. பழைய பூட்ஸிலேயே இரண்டு முறை விழுந்தவர். இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். கால்வலியுள்ள முதியவர்கள் 305 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்து, 2011இல் வெளியான ஆய்வில் விழுவது 36 சதவீதம் குறைந்தது. அங்கே காலணி ஆலோசனையோடு, உள்ளே வைக்கும் மெத்தை, பாதத்துக்கும் கணுக்காலுக்கும் பயிற்சி எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். நான் பூட்ஸை மட்டும் சொன்னேன். விரலை மடக்கி அழுத்துவது, சுவரைப் பிடித்துக் கெண்டைச் சதையை நீட்டுவது ஆகியவற்றை அடுத்த முறைக்குத் தள்ளினேன். வெளியே வரிசை நின்றது.

இப்போது சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தின்மேல் எழுந்து நிற்கவைத்துப் பாதத்தை வரைகிறேன். பூட்ஸை அந்தக் கோட்டின்மேல் வைத்தால் கோடு வெளியே தெரியக் கூடாது. நீள விரலுக்கு முன்னால் உள்ளே ஒரு சென்டிமீட்டர் இடம் போதும். பிறகு மருத்துவமனைச் சாய்தளத்தில் இறங்கவைத்து, குதிகால் தூக்குகிறதா என்று பார்ப்பேன். பல கால்களுக்கு அகலமும் குதிகால் பிடிப்பும் சேர்ந்து அமையும் கம்பூட் கடையில் கிடைப்பதில்லை. கயிறு கட்டும் ஷூ பாதத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி ஏறும், தண்ணீர் புகும், அதைப் போட்டுக்கொண்டு யார் கொழுந்தெடுக்கப் போவார்கள்?

கட்டுப் பிரித்த பிறகு அந்த அம்மா வந்தார். "பழைய பூட்ஸையே போட்டுக்கவா தம்பி?" என்றார். பதில் சொல்லுமுன் குனிந்து காலைப் பார்த்தேன். இரண்டாம் விரல் ஆணி பாதிக்கு மேல் கரைந்திருந்தது.