‘தகுதியானவர்’ என்று எழுதினால் போதாது

டிஸ்சார்ஜ் செய்த அன்று கையில் கொடுத்த சான்றிதழில் ஒரே வரிதான் இருந்தது: ‘படிப்பைத் தொடரத் தகுதியானவர்.’ இருபத்தாறு நாட்கள் மனநல வார்டில் கிடந்துவிட்டு வருபவனுக்கு அது பதக்கம் போலத் தெரிந்தது. கசங்கிவிடக் கூடாதென்று அண்ணன் அதை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தார். கல்லூரிக்குத் திரும்பியதில் நான் பட்ட பாட்டில் பாதிக்கு அந்த வரிதான் காரணம்.

எனக்கு இருமுனைக் கோளாறு: மனம் சில காலம் எல்லை மீறிய உற்சாகத்துக்கும் சில காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் நோய். வேதியியல் மூன்றாம் ஆண்டு. நான்கு இரவுகள் தூங்காமல் இருந்துவிட்டு, தனிம அட்டவணையையே திருத்தி எழுதப்போவதாக விடுதி மொட்டை மாடியில் பேருரை ஆற்றியிருக்கிறேன். சிலர் கைதட்டியதாகவும் நினைவு. வகுப்புத் தோழர்கள் கடைசியாகப் பார்த்தது அந்த என்னைத்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாளே கிளம்பத் துடித்தேன். முதல் மறுபரிசோதனை முடியட்டும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். வார்டில் இருந்த நாட்களைவிட, வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்றார். ஆர்ப்பாட்டம் அடங்கியதும் சோர்வு வரும் என்றும் எச்சரித்தார். சொன்னபடியே வந்தது. அந்த ஒரு வாரம் வீட்டில் இருந்ததற்கு இன்றும் நன்றி சொல்வேன்.

அலுவலகத்தில் சான்றிதழைப் படித்தவர், “சரியாகிவிட்டதல்லவா? அப்படியானால் எல்லா வகுப்புக்கும் வந்துவிடுங்கள்” என்றார். அவர்மேல் குற்றமில்லை, தாளில் இருந்ததைத்தான் படித்தார். ஆறு பாடங்கள், விடுபட்ட ஆய்வகக் குறிப்பேடுகள், எழுதாத இரண்டு தேர்வுகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவதாகத் தலையாட்டினேன். பத்தாவது நாள் முதல் மணி வகுப்பில் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கினேன்.

ஆய்வகம் இன்னும் மோசம். இந்த நோய்க்கு நான் எடுத்துக்கொள்ளும் மருந்து லித்தியம். அட்டவணையில் மூன்றாவது தனிமம். சுடரில் காட்டினால் அழகான செந்நிறம் தரும் என்று முதலாண்டிலேயே படித்தது. அது கையில் நடுக்கம் தரும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் செறிவை அளக்கும் சோதனையில், குடுவைக் கரைசல் இலேசான ரோஜா நிறத்துக்கு மாறிய கணமே, சொட்டு விடும் குழாயான பியூரெட்டை மூட வேண்டும். எனக்கு ஒரு சொட்டுக்குப் பதில் நான்கு சொட்டு விழும். என் குடுவை ஒவ்வொரு முறையும் செம்பருத்தி நிறத்தில் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காததுபோல் இருந்தார்கள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுபரிசோதனையில் இதைச் சொன்னதும் மருத்துவர் ஒரு வேலை கொடுத்தார். எந்த நேரத்தில் எதைச் செய்ய முடியவில்லை என்று ஒரு வாரம் எழுதி வரச் சொன்னார். அந்தக் குறிப்பிலிருந்து புதிய கடிதம் உருவானது. அதில் நோயின் பெயரே இல்லை. இந்தப் பருவத்தில் மூன்று பாடங்கள் மட்டும். எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம். ஆய்வகத்தில் துணைக்கு ஒருவர். லித்தியம் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை நாட்களில் முதல் மணிக்கு விலக்கு. ஏனென்றால் இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் இது வாரம் ஒருமுறை. கடைசியாக, தேர்வு அறைக்குள் தண்ணீர்ப் புட்டி. இதைப் பார்த்து துறைத் தலைவர் புருவத்தை உயர்த்தினார். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும், நச்சாகவும் மாறலாம் என்று விளக்கினேன். வேதியியல்காரர் அல்லவா, அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் ஆனது.

‘தகுதியானவர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் பதினைந்து நாட்களை வீணாக்கியிருந்தேன். முழுதாக வர முடியுமா, முடியாதா என்றுதான் கல்லூரிக்குக் கேட்கத் தெரியும். பாதி முடியும், எந்தப் பாதி என்பதை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

காகித வேலையைவிட அறைத்தோழனிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. நான் திரும்பிய அன்று, அவன் புத்தகத்தை ஓசைப்படாமல் மூடி, விளக்கை அணைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். மூன்று நாள் இந்த நாடகம் நடந்தது. நான்காம் நாள், ஆலோசகருடன் சேர்ந்து தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: “மருத்துவமனையில் இருந்தேன், இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறேன், தூக்கம் கெட்டால்தான் ஆபத்து.” வகுப்பில் கேட்டவர்களுக்கும் இதில் முதல் இரண்டு பகுதிகளைச் சொன்னேன். அதற்குமேல் கேட்டவர்கள் இரண்டே பேர்.

அறைத்தோழனிடம் மட்டும் ஒரு பொறுப்பையும் கொடுத்தேன். தொடர்ந்து இரண்டு இரவு நான் தூங்காவிட்டால், அல்லது யாரையும் பேசவிடாமல் நானே பேசிக்கொண்டிருந்தால், என்னைக் கேட்காமல் அண்ணனை அழைக்க வேண்டும். வார்டனிடமும் இதே அனுமதியை எழுத்தில் கொடுத்தேன்: யாரை அழைக்கலாம், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது. நலமாக இருக்கும்போது எழுதிவைக்காவிட்டால், நலம் கெடும்போது நான் நிச்சயம் மறுத்திருப்பேன். அறைத்தோழன் ஒருமுறை அழைத்தான். பொய் எச்சரிக்கை, பல்வலியால் விழித்திருந்தேன். வலிக்கு அவன் நீட்டிய ஐபுபுரூஃபனை நான் தொடவில்லை என்பதையும் அண்ணனிடம் ஒப்பித்தான். அதுவும் லித்தியம் அளவை ஏற்றிவிடும் என்று முன்பே அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

மொட்டை மாடிப் பேருரைக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கலாமா என்று நெடுநாள் யோசித்தேன். நள்ளிரவில் நான் கண்டபடி செய்தி அனுப்பிய மூன்று பேரிடம் மட்டும் கேட்டேன். இருவர் பதில் எழுதினார்கள்.

பருவத் தேர்வில் கண்காணிப்பாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, புட்டியின் லேபிளை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு நகர்ந்தார். மூன்று பாடங்களில் இரண்டில் தேறினேன். மூன்றாவதில் தோற்றதற்கு லித்தியத்தின்மேல் பழி போட முடியாது. நான் படிக்கவில்லை.