மூன்றாவது கேள்வி

மூன்றாந் தவணையின் கடைசி நாளைப் பற்றி நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளியே மாரி மழை. சோதனை முடிந்துவிட்டது, றிப்போட் இன்னும் கைக்கு வரவில்லை. மாஸ்ரர் நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு, பேசாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி மூன்று வரி எழுதுவார்.

இந்த வருடம் கையால் என்ன செய்தாய்?
வீட்டுக்கு என்ன செய்தாய்?
ஒழுங்கைக்கு என்ன செய்தாய்?

ஒழுங்கை என்று அவர் சொன்னது நம் தெருவையும் அயலையும். ஆளுக்கொரு தாள். புள்ளி கிடையாது. வாசிப்பார், மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பார், அவ்வளவுதான். 1972இல் பாடத்தின் பெயர் சமூகக்கல்வி என்று மாறிய பிறகும் அவருக்கு அது குடியியல்தான். நமக்கும் அவர் கடைசிவரை குடியியல் மாஸ்ரர்தான்.

இந்த ஆகஸ்ட்டில் மாஸ்ரர் போய்விட்டார். 91 வயது. நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழுத் தம்பி ஒருவர் “மாஸ்ரரைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை” என்று கேட்டபோது உடனே ஓம் என்றேன். ஆனால் நான்கு மாதமாக எழுத வரவில்லை. டிசம்பர் பிறந்து, இங்கே ஸ்காபரோவில் நாலரை மணிக்கே இருளத் தொடங்கிய பிறகுதான் அந்த மூன்று வரியும் கண் முன்னால் வந்து நின்றன. நாற்பது வருடமாக நான் கொடுக்காமல் வைத்திருந்த தாள் என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1975ஐச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு அது மறந்திருக்காது.

அந்த வருடம் கடைசி நாளில் பொழுதுபோக்குக் கொப்பிகளையும் கொண்டுவரச் சொன்னார். சிலர் முத்திரை சேர்த்தார்கள், சிலர் தீப்பெட்டி லேபல். நான் பறவைப் படம் ஒட்டினேன். அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். பாணுக்கு வரிசை, கொப்பிக்குத் தட்டுப்பாடு, இந்தியச் சஞ்சிகைகளும் லேசில் கிடைக்காது. என் கொப்பியில் இருந்தவை எல்லாம் பேப்பரில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒன்றைத் தவிர. நடுப்பக்கத்தில் ஒரு பூநாரைக் கூட்டம், முழுப்பக்க வர்ணப் படமாக இருந்தது.

மாரி முடிகிற காலத்தில் பண்ணைக் கடலில் பூநாரைகள் வந்து நிற்பதை ஐயா சைக்கிளில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். தூரத்தில் வெளிறிய கோடாகத்தான் தெரியும். அவற்றின் சொண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கும், நுனி மட்டும் கறுப்பாக இருக்கும் என்பதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. இரவில் லாம்பு வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டே படுத்திருப்பேன்.

மாஸ்ரர் ஒவ்வொரு வாங்காக வந்தார். என் கொப்பியைப் புரட்டி, பூநாரையில் நின்றார். கோதுமை மாப் பசை காய்ந்து ஒரு மூலை கிளம்பியிருந்தது. அதை நகத்தால் மெல்லத் தூக்கினார். பின்பக்கத்தில் ஊதா நிறத்தில் சீல்.

“என்ன எழுதியிருக்கு, வாசி.”

நான் வாய் திறக்கவில்லை.

“உரத்து வாசி, தம்பி. பின் வாங்கில இருக்கிறவைக்கும் கேக்கட்டும்.”

“யாழ்ப்பாணம் பொது நூலகம்.”

இரண்டாந்தரமும் வாசிக்க வைத்தார். பிரம்பு மேசையில்தான் கிடந்தது, அதைத் தொடவில்லை.

“இது ஆற்ற சாமான்?”

“நூலகத்தின்ர, சேர்.”

“நூலகம் ஆற்ற?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் வரும்வரை நிற்கச் சொன்னார். மணி அடிக்கும்வரை நின்றேன். நாற்பது பேரும் மூன்று கேள்விக்கும் விடை எழுதிக்கொண்டிருந்தார்கள், என் தாள் வெறுமையாகக் கிடந்தது. அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்ட என் சிநேகிதனின் முகம்தான் இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது.

சனிக்கிழமை காலை மாஸ்ரர் எங்கள் படலைக்கு வந்தார். அம்மா முட்டை விற்ற காசில் ஐந்து ரூபா எடுத்து என் கையில் பொத்தித் தந்தா. ஐயா முற்றத்துக்கு வரவேயில்லை. மாஸ்ரரின் சைக்கிள் பாரில் இருந்து நூலகத்துக்குப் போனேன். அந்த வெள்ளைக் கட்டடத்தையும் வாசலில் இருந்த சரஸ்வதி சிலையையும் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷப்பட்டவன், அன்று நிமிர்ந்தே பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர் புத்தகத்தை எடுத்துவந்து விரித்தார். நான் பிளேட்டால் வெட்டிய விளிம்பு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் விரலளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய கடதாசி நாடா வைத்து, என் கையாலேயே ஒட்டச் சொன்னார் மாஸ்ரர். “பசை காயுமட்டும் கையை எடுக்காதை.” பூநாரையின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.

தண்டம் கட்டிய பிறகு அவர் இன்னொன்றும் செய்தார். தானே பிணை நின்று எனக்கு அட்டை எடுத்துத் தந்தார். தாள் வெட்டினவனுக்கு அட்டையா என்று உள்ளே இருந்தவர் கேட்டார். “கேட்டு எடுக்கப் பழகட்டும்” என்றார் மாஸ்ரர்.

திரும்பி வரும்போது, 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் இவ்வளவு பெரிய நூலகமாக வளர்ந்தது என்று சொன்னார். புதுக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டபோது தானும் சனத்தோடு சனமாக நின்றதைச் சொன்னார். “நானும் 33இலதான் பிறந்தனான். எனக்கும் அதுக்கும் ஒரே வயது. அந்த மனிசன் வீட்டுப் புத்தகத்தை ஊருக்குக் குடுத்தவர். நீ ஊர்ப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனனீ.”

அவர்மேல் எனக்கு இருந்த கோபம் ஆற நாலைந்து வருடம் எடுத்தது. ஏ.எல். படிக்கும் நாளில் பின்னேரங்களில் அந்த அட்டையோடு நூலகத்தில் போய் இருப்பேன். அப்போதுதான் அது ஆறியது.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நூலகத்தை எரித்தார்கள். 97,000 அளவில் புத்தகங்கள். பழைய ஏட்டுச் சுவடிகள். தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் உயிர்விட்டார். இரண்டு மூன்று நாள் கழித்து நான் போனபோது சுவர் மட்டும் நின்றது. காற்றடித்தால் கரித்தாள் பறந்து வந்து சட்டையில் ஒட்டியது. பூங்கா வேலியோரம் மாஸ்ரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கிட்டப் போய் நின்றேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

எனக்கு அடக்க முடியாமல் வந்துவிட்டது. “அண்டைக்கு நான் திருப்பிக் குடுக்காமல் விட்டிருந்தா அந்தத் தாளாவது மிஞ்சியிருக்கும், சேர்.”

“ஓம், மிஞ்சியிருக்கும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உன்னட்டை மிஞ்சியிருக்கும். நூலகத்திலை இல்லை” என்றார்.

அடுத்த வருடம் நூலக வாரம் என்று வைத்து, ஊர் கூடிப் புத்தகம் சேர்த்தது. வாரம் முடிந்தது, மாஸ்ரர் முடிக்கவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, திகதி, வீடு, புத்தகத்தின் பெயர், எண்ணிக்கை என்று நான்கு பகுதியாகப் பிரித்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு சைக்கிளில் புறப்படுவோம். அவர் படலையில் நின்று கேட்பார், நான் எழுதுவேன். கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். ஒரு கிழவி பஞ்சாங்கம் ஒன்றைத் துடைத்துத் தந்தா. பழைய பஞ்சாங்கம் எதற்கு என்று நான் யோசிக்க, மாஸ்ரர் இரண்டு கையாலும் வாங்கி, “எழுது, எண்ணிக்கை ஒண்டு” என்றார். ஒழுங்கைக்கு என்ன செய்தாய் என்ற கேள்விக்கு என்னிடம் சொல்லக்கூடிய பதில் இருந்த காலம் அதுதான். அந்தச் சனிக்கிழமைகளைப் போல எதையும் நான் பிறகு அனுபவிக்கவில்லை.

83 கலவரத்துக்குப் பிறகு வீட்டில் ஒரே பேச்சு. ஆம்பிளைப் பிள்ளையை வைத்திருக்க ஏலாது, அனுப்பிவிட வேண்டும். அம்மா தோட்டை விற்றா, ஐயா காணியை ஈடு வைத்தார். 1984 ஜனவரி கடைசியில் கொழும்புக்கு ரயில் ஏறினேன். அங்கிருந்து மேற்கு ஜெர்மனி, பிறகு 88இல் கனடா. மாஸ்ரரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார் என்ற பயமில்லை, அவர் தடுத்திருக்க மாட்டார். அடுத்த சனிக்கிழமை ஆர் எழுதுவது என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது, அரிசிப் பையோடு அந்தக் கொப்பியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் இரண்டு நேர வேலை. தங்கச்சிக்குக் காசு அனுப்பினேன். வீட்டுக்கு என்ன செய்தாய் என்றால் அதைத்தான் காட்டலாம். அம்மாவின் செத்தவீட்டுக்குப் போகவில்லை.

2011இல் ரொறன்ரோவில் நூலகக் கிளைகளை மூடுவது பற்றிய கதை எழுந்தது. ஜூலை 28ஆம் திகதி காலையில் நகர மண்டபத்தில் தொடங்கிய கூட்டம் மறுநாள் விடிந்த பிறகும் நடந்தது. பேச வந்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். நானும் பெயர் கொடுத்தேன். நள்ளிரவு தாண்டித்தான் என் முறை வந்தது. எழுதிக்கொண்டு போனதை வைத்துவிட்டு, முட்டை விற்ற ஐந்து ரூபாவைச் சொன்னேன், 97,000 புத்தகங்களைச் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் பின் வரிசைக்கும் கேட்டிருக்கும். மறுநாள் மாஸ்ரருக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் கேட்டார். சந்தோஷப்பட்டார் என்று அவர் மூச்சிலேயே தெரிந்தது. பிறகு கேட்டார்: “முடியுமட்டும் இருந்தனீயோ?”

“இல்லை சேர். காலமை வேலை. இடையில வந்திட்டன்.”

“ஓம் ஓம், வேலை” என்றார். அதில் குற்றமே இல்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு நெடுநேரம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

2013 டிசம்பரில் ஊருக்குப் போனேன். திரும்பக் கட்டிய நூலகத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். 80 வயதில், என் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். அந்தப் பறவைப் புத்தகம் இருக்குமா என்று தேடிப் பார்த்தோம். இல்லை. வேறு ஏதோ புத்தகத்தில் பூநாரை இருந்தது. “இந்தமுறை வெட்டிப் போடாதை” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரி, இந்த வருடத் தாளை எழுதுகிறேன், சேர்.

கையால்: பறவை எண்ணினேன். இங்கே கிறிஸ்மஸ் காலப் பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. பண்டிகை நாளில் பறவைகளைச் சுட்டு விளையாடும் வழக்கம் இருந்த காலத்தில், சுடாமல் எண்ணுவோம் என்று 1900இல் 27 பேர் தொடங்கியது. முதல் வருடமே ரொறன்ரோவும் அதில் இருந்தது. டிசம்பர் 14க்கும் ஜனவரி 5க்கும் இடையில் ஒருநாள். நானும் ஏழு வயதுப் பேத்தியும் ஹைலண்ட் கிரீக் ஓரமாகப் பனியில் நடந்தோம். அவள் சொல்ல நான் எழுதினேன். கார்டினல் 4, சிக்கடி 19. ஒன்றைக் கண்டது போல இருந்தது, ஆனால் சரியாகத் தெரியவில்லை என்றாள். அப்போ எழுதக் கூடாது என்றேன்.

வீட்டுக்கு: தங்கச்சியோடு கிழமைக்கு ஒருநாள் கதைக்கிறேன். பேத்திக்குத் தமிழில் பறவைப் பெயர்கள் பதினொன்று தெரியும். இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

ஒழுங்கைக்கு: நம் சங்கத்தின் பழைய மலர்களை ஸ்கேன் செய்து நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்துக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். 2005இலிருந்து அவர்கள் இதைச் செய்து வருகிறார்கள். பல மலர்கள் எங்களிடம் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில், கட்டிலுக்குக் கீழே, பேஸ்மென்ட்டில் இருந்தால் தயவுசெய்து தாருங்கள். கேட்டு வாங்கிப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

அந்த வேலைக்காக மாஸ்ரரின் மகள் போன மாதம் சீ.ஆர். கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினா. ஈரம் பட்டு மை பரவிய பக்கங்கள், கரையான் தின்ற ஓரங்கள். என் கையெழுத்து இருக்கும் இடங்களில் நின்று நின்று பார்த்தேன். 28.1.84தான் கடைசி. இணுவிலில் ஒரு வீடு. புத்தகத்தின் பெயர் எழுதாமல் ‘ஒரு கட்டு’ என்று எழுதியிருக்கிறேன். எண்ணிக்கைப் பகுதி வெறுமையாக விட்டிருக்கிறேன், அடுத்த கிழமை அவிழ்த்து எண்ணலாம் என்று நினைத்திருப்பேன். அந்த இடத்தில் பென்சிலால், மாஸ்ரரின் கையில், 7 என்று இருக்கிறது. அதற்குக் கீழே 4.2.84. அதிலிருந்து எல்லாம் அவருடைய எழுத்து.