டயாட்டத்துக்குப் பந்தி வைத்தேன்

மொட்டை மாடியில் அல்லி வளர்க்கும் சிமெண்ட் தொட்டியின் உட்சுவரில் டீக்கறை மாதிரி பழுப்பாக ஒரு வழுவழுப்பு படியும். மூன்று வருடமாக அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். பழைய மாணவர் மைக்ரோஸ்கோப் ஒன்று கைக்கு வந்த பிறகுதான் அதில் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. அத்தனையும் படகுகள்! பொன்பழுப்பு நிறத்தில், இரண்டு முனையும் கூராக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன. டயாட்டம், அதாவது ஓடு போர்த்திய ஒற்றைச் செல் பாசி. இந்த வடிவத்தில் இருக்கும் ஒரு பேரினத்துக்கு நாவிகுலா என்றே பெயர். லத்தீனில் சிறு படகு. நமக்கு நாவாய் ஞாபகம் வரும்.

துடுப்பு, வால் எதுவும் கிடையாது. ஓட்டின் நெடுக ஒரு மெல்லிய கீற்று ஓடுகிறது. அதன் வழியாகக் கசியும் பசை தரையைப் பற்றிக்கொள்ள, உள்ளேயிருந்து ஆக்டினும் மயோசினும் இழுக்கின்றன, செல் வழுக்கிக்கொண்டு போகிறது. நம் தசையில் வேலை செய்யும் அதே புரத ஜோடி. 40 மடங்கு லென்ஸில் என் பார்வை வட்டத்தின் குறுக்களவு சுமார் 0.45 மி.மீ. ஒரு படகு அதைக் கடக்க ஏறக்குறைய 50 விநாடி ஆனது. விநாடிக்கு 9 மைக்ரான்.

சரி, எங்கே போகிறது? 2016இல் ஜெர்மனியின் யேனா, பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செமினாவிஸ் ரொபஸ்டா என்ற டயாட்டத்தைச் சிலிக்கேட் இல்லாமல் பட்டினி போட்டு, பிறகு சிலிக்கேட் ஏற்றிய நுண்மணிகளை அருகில் வைத்தார்கள். செல்கள் மணியை நோக்கி நகர்ந்தன. வேதியியலில் சிலிக்கானுக்குப் பங்காளி போன்ற ஜெர்மானியத்தை வைத்தால் விலகின. டயாட்டத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது. சிலிக்கேட் இல்லாமல் அதனால் புது ஓடு கட்ட முடியாது. இதை வீட்டில் செய்து பார்க்கலாமே என்று ஆரம்பித்தேன்.

அறுவடை சுலபம். தொட்டி வண்டலைத் தட்டில் பரப்பி, மேலே லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாளை விரித்து, காலை வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வைத்தேன். டயாட்டங்கள் வெளிச்சத்தைத் தேடித் தாளுக்கு ஏறிவிடும், சேறு கீழேயே தங்கிவிடும். தாளை மழைநீரில் அலசினால் போதும். போர் தண்ணீர் வேண்டாம், அதில் சிலிக்கா தாராளமாக இருக்கும். கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம், கண்ணாடியே சிலிக்காதான். பிளாஸ்டிக் பெட்ரித் தட்டில் மழைநீர், செடி உரம் ஒரு சிட்டிகை, ஐந்து நாள் பட்டினி.

இரைக்குக் கடல்பாசி. நோன்புக் காலத்தில் பால் சேர்த்துக் காய்ச்சுவார்களே, அதே அகர். பாசிக்குப் பாசியையே இரையாக வைக்கிறோம். அதில் கலக்கச் சோடியம் சிலிக்கேட் கரைசல் வாங்கினேன். அப்படியே கலந்து, கடுகளவு துண்டு வெட்டித் தட்டில் வைத்தேன். பத்து நிமிடத்தில் துண்டைச் சுற்றி எல்லாப் படகும் நின்றுவிட்டன. வந்து சேர்ந்துவிட்டன என்று ஒரு கணம் குதித்தேன். பிஎச் தாளை நனைத்தால் கருநீலம். அவை வந்து சேரவில்லை, இருந்த இடத்திலேயே செத்துக் கிடந்தன. சோடியம் சிலிக்கேட் கடும் காரம் என்பது புட்டியிலேயே எழுதியிருந்தது.

காரத்தை முறிக்க வினிகர் ஊற்றினேன். மொத்தமும் கட்டிக் கூழாக உறைந்தது. முதலில் தண்ணீரில் நன்றாக நீர்க்கவைத்து, அப்புறம்தான் வினிகர் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன். "அடுப்புல இருக்கிறது சாப்பிடறதுக்கா, உன் பூச்சிக்கா?" என்று அம்மா கேட்க ஆரம்பித்தது இந்தக் கட்டத்தில்தான்.

மூன்றாவது தடவை துண்டு சரியாக அமைந்தது. ஒரு பக்கம் சிலிக்கேட் துண்டு, எதிர்ப்பக்கம் வெறும் அகர். ஒரு மணி நேரத்தில் சிலிக்கேட் பக்கம் கூட்டம் மூன்று மடங்கு. போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியும்விட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது: சிலிக்கேட் துண்டு இருந்தது ஜன்னல் பக்கம். மறுநாள் புதுத் தட்டைத் திருப்பி வைத்தேன். கூட்டம் மறுபடி ஜன்னல் பக்கமே, வெறும் அகரைச் சுற்றி. அனுப்பிய போட்டோவுக்கு மறுப்புச் செய்தியும் அனுப்ப வேண்டியதாயிற்று.

அதன் பிறகு எல்லாம் செருப்பு டப்பாவுக்குள் இருட்டில். அரை மணிக்கு ஒரு முறை, ஒரு நிமிடம் மட்டும் விளக்கு, செல்போனில் ஒரு படம், எண்ணிக்கை படத்தில். இன்னொரு ஓட்டையும் அடைத்தேன். வினிகரால் சிலிக்கேட் துண்டில் சோடியம் அசிட்டேட் சேர்ந்திருக்கும். அதுவே பல நுண்ணுயிர்களுக்குத் தீனி. எனவே வெறும் அகருக்குப் பதிலாக வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்த அகர். இப்போது இரண்டிலும் அசிட்டேட் உண்டு, சிலிக்கேட் ஒன்றில்தான்.

துண்டுகளைக் கிட்டத்தில் வைப்பதும் முக்கியம். கரைந்த சிலிக்கேட் அசையாத நீரில் 1 மி.மீ. பரவ எட்டுப் பத்து நிமிடம் போதும். 1 செ.மீ. என்றால் நூறு மடங்கு நேரம், அரை நாளுக்கு மேல். முதல் தட்டுகளில் 2 செ.மீ. தள்ளி வைத்துவிட்டு ஏன் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தேன். சமையல் வாசனையே எட்டாத தூரத்தில் பந்தி போட்டால் யார் வருவார்?

பட்டினித் தட்டு ஐந்து. மூன்றில் சிலிக்கேட் துண்டின் ஓரத்தில் கூட்டம் தெளிவாக அதிகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒன்றில் இரண்டு பக்கமும் சமம். ஒன்றில் தலைகீழ், அந்தத் தட்டில் ஒரு ஓரம் காய்ந்து தண்ணீர் ஒதுங்கியிருந்தது, அதைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை, ஆனாலும் சேர்த்திருக்கிறேன். பட்டினி போடாத இரண்டு தட்டுகளில் எந்த வித்தியாசமும் இல்லை. ஐந்து தட்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. என் தொட்டியில் எத்தனை இனம் கலந்து கிடக்கிறதோ, அதுவும் ஒரு குழப்பம்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவை நேராகப் போவதில்லை. கொஞ்சம் முன்னே, நிறுத்தம், கொஞ்சம் பின்னே, மறுபடி முன்னே. துண்டை நெருங்கியவையும் இப்படித்தான் தட்டுத்தடுமாறின. ஆனால் அங்கே போனவை திரும்பி வெகுதூரம் போகவில்லை.

நல்ல கூட்டம் சேர்ந்த தட்டைக் கழுவாமல் விட்டுவைத்தேன். மறுநாள் காலை சிலிக்கேட் துண்டின் ஓரத்தில் நான்கு இடங்களில் இரண்டிரண்டு செல் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன, அப்போதுதான் ஒரு செல் இரண்டாகப் பிரிந்து உண்டானவை. எதிர்ப்பக்கம் அப்படி ஒன்று. அடுத்த மழைக்கு நீர் பிடிக்க வாளி வைத்திருக்கிறேன். இருபது தட்டாவது போட வேண்டும்.