காரணம்: காய்ச்சல்

தென்கொரியாவின் ஆண்டொங் நகரை அண்டிய ஒரு நடுநிலைப் பாடசாலையில்தான் எனக்கு ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தது. ஆசிரியர் அறைக் கதவருகே ஒரு தாள் ஒட்டியிருந்தது. யார் எந்த மேசையில் இருக்கிறார்கள் என்று காட்டும் படம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் ஆசிரியரின் பெயர், அவர் கற்பிக்கும் பாடம், தொலைபேசி எண். சன்னலோரக் கட்டத்தில் மட்டும் பெயர் இல்லை. மூன்றே மூன்று கொரிய எழுத்துகள்: வொனொமின். மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் என்று பொருள். அதுதான் என் மேசை.

அன்று 2023 மார்ச் 2, கொரியாவில் கல்வியாண்டு தொடங்கும் நாள். எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவருக்கும் அதே மூன்று எழுத்துகள்தாம். தாளின் ஓரம் பழுத்திருந்தது. மற்றக் கட்டங்களில் புதுப் பெயர்களை அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். என் கட்டத்தில் ஒட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எட்டு வயதில் பெற்றோருடன் கனடா வந்து, ஸ்காபரோவில் வளர்ந்தேன். கொரியா ஆங்கில ஆசிரியர் விசாவைப் பொதுவாக ஏழு நாட்டவர்களுக்குத்தான் வழங்குகிறது: கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. கனடியக் கடவுச்சீட்டு இருந்தபடியால் எனக்கு அது கிடைத்தது. ஆங்கிலம் என் தாய்மொழி அல்ல என்பதை அந்தத் தாளின் முன்னால் நின்று யாரிடம் சொல்வது?

ஆசிரியத் தொழிலை மதிக்கிற நாடு அது. ஆயிரம் வொன் நாணயத்தாளில் இருக்கும் முகம் தொகே யி ஹ்வாங் என்ற அறிஞருடையது. அவர் பெயரால் 1574இல் எழுந்த தோசன் கல்விச்சாலை ஆண்டொங்கில்தான் இருக்கிறது. ஆசிரியரின் நிழலைக்கூட மிதிக்கக்கூடாது என்று ஒரு பழமொழி உண்டு. ஆசிரியரைச் 'சொன்செங்நிம்' என்பார்கள். கடைசியில் வரும் 'நிம்' நம் 'அவர்கள்' போன்ற மரியாதை விகுதி. பழகியவர்கள் அதையே சுருக்கி 'ஸ்ஸேம்' என்பார்கள். எங்கள் அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயரோடு அந்த விகுதி ஒட்டியிருந்தது. எனக்கோ, நேற்றுத்தான் வேலையில் சேர்ந்த இருபத்துநான்கு வயது ஆசிரியர்கூட என் முதற்பெயரை மொட்டையாகச் சொல்லி அழைத்தார். வெளிநாட்டவர்கள் அப்படித்தான் விரும்புவார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். வாத்தியாரை ஊரே 'ஐயா' என்று அழைக்கக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம் ஹ்வேஷிக் வந்தது. வேலை முடிந்தபின் அலுவலகமே ஒன்றாகப் போய் உண்டு குடிக்கும் இரவு விருந்து அது. அதற்கென ஒழுங்குகள் இருக்கின்றன. மூத்தவர் கரண்டியை எடுக்கும்வரை யாரும் எடுப்பதில்லை. தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வதில்லை. இரண்டு கையாலும் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, மூத்தவர் முன்னால் குடிக்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். இவற்றில் எதுவும் எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை. பெரியவர் வந்தால் எழுந்து நிற்கவும், எதைக் கொடுத்தாலும் இடக்கையால் வாங்காமல் இருக்கவும் பழக்கப்பட்ட உடம்பு.

சிக்கல் இறைச்சியில் வந்தது. அன்று அதிபர் ஹன்வு என்ற கொரிய மாட்டிறைச்சி எடுத்திருந்தார். விலை கூடியது. புதிதாக வந்தவர்களைக் கௌரவிக்கவே அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். ஒரு கீரை இலையை உள்ளங்கையில் விரித்தார். அதன்மேல் ஒரு துண்டு இறைச்சி, ஒரு சீவல் பூண்டு, நுனிக்கரண்டியளவு சோயாத் துவையல். விரல்களால் மூடி, சிறு பொட்டலமாக்கி, மேசையின் குறுக்கே என் வாயருகே நீட்டினார். குழையல் சோற்றை அம்மம்மா உருட்டிக் கையில் வைப்பாரே, அதே அசைவு. அது அன்பு என்பது அந்தக் கணமே எனக்கு விளங்கியது.

நான் மாட்டிறைச்சி உண்பதில்லை. "மன்னிக்க வேண்டும், எனக்கு முடியாது" என்று, பாடம் செய்து வைத்திருந்த கொரிய வாக்கியத்தைச் சொன்னேன். மேசை அடங்கிவிட்டது. அவர் கை அப்படியே சில கணங்கள் நின்றது. பிறகு பக்கத்தில் இருந்தவரின் வாய்க்குப் போனது.

திரும்பும் வழியில், என்னோடு சேர்ந்து வகுப்பெடுக்கும் இணை ஆசிரியைதான் காரை ஓட்டினார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். "வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கைத்துடைப்பானுக்குள் வைத்திருக்கலாம், ஸ்ஸேம். எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது" என்றார். என்னை அவர் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. கண்டிக்கும்போதுதான் எனக்கு அந்த மரியாதை கிடைத்தது. பிறகு நுன்ச்சியைப் பற்றிச் சொன்னார். பிறர் வாய்திறக்காமலே அவர் மனத்தைக் கண்ணால் படித்து, அதற்கேற்ப நடக்கும் திறன். 'குறிப்பறிதல்' என்று திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கும் நமக்கு அது புதிய சங்கதி அல்ல. ஆனால் குறிப்பை அறிய முதலில் பேச்சு காதில் விழ வேண்டும். கூட்டங்கள் கொரிய மொழியில் நடந்தன. கணினியில் வரும் அறிவித்தல்களும் அப்படியே. நேர அட்டவணை மாறியதை, வெறும் வகுப்பறையில் பத்து நிமிடம் நின்ற பிறகு அறிந்துகொண்ட நாட்கள் பல. சொல்லாததையும் அறிந்து நட என்று கேட்டவர்கள், சொல்ல வேண்டியதையே எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் நானும் பழகிவிட்டேன். காலையில் வாசலில் காலணியைக் கழற்றிச் செருப்பு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு மேசைக்கும் தலை வணங்கிவிட்டுத்தான் அமர்வேன். மாலையில் புறப்படும்போது "முன்னதாகப் போகிறேன்" என்று சொல்வேன். மற்றவர்கள் இன்னும் இருக்க நான் கிளம்புகிறேனே என்ற பணிவு அந்த வாக்கியத்தில் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. நாமும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போய்வருகிறேன்' என்றுதானே விடைபெறுகிறோம்.

யூன் மாதம் காய்ச்சல் வந்தது. வெப்பமானியில் 38.7. என் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 11 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு இருந்தது. காலை ஏழு மணிக்கு இணை ஆசிரியைக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். "முதலில் பாடசாலைக்கு வாருங்கள், முகத்தைக் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போகலாம்" என்று பதில் வந்தது. போனேன். பிரதி அதிபர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூன்றாம் பாடவேளைக்குள் திரும்பிவிட முடியுமா என்று கேட்டார்.

அந்தச் சிறு மருத்துவமனையின் பின்னறையில், திரைச்சீலைகளுக்கு நடுவே வரிசையாகக் கட்டில்கள் இருந்தன. ரிங்கர் ஏற்றும் இடம். கொரியாவில் வேலைக்குப் போகிறவர்கள் களைத்தால் ஒரு மணி நேரம் படுத்து நரம்பில் சேலைன் ஏற்றிக்கொண்டு அப்படியே அலுவலகம் திரும்புவது வழக்கம். தாதி என் கையில் ஊசி குத்திவிட்டுப் போனார். சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் திரை விலகியபோது, அங்கே எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியை படுத்திருந்தார். மறு கையில் மாணவர்களின் வினாத்தாள் கட்டு. ஊசி குத்திய கையை அசைக்காமல் திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழ முயன்று, படுத்தபடியே தலை வணங்கினார்.

அதுவரைக்கும் இந்த நெருக்குதல் வெளிநாட்டவளான என்மேல் மட்டும் என்று நினைத்திருந்தேன். அன்று அந்த எண்ணம் உடைந்தது. ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசு கொடுத்து வளர்த்த பாடசாலைகள் அவை. அங்கே படித்தவர்களே பிறகு ஆசிரியர்களாகிறார்கள்.

யூலையில் சியோலில் ஒரு தொடக்கப் பாடசாலையின் இளம் ஆசிரியை, பாடசாலைக்குள்ளேயே உயிரிழந்து கிடந்தார். வேலையில் சேர்ந்து இரண்டாவது ஆண்டுதான். பெற்றோர்களின் முறைப்பாடுகளால் அவர் துன்பப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. அதன்பின் சனிக்கிழமைதோறும் ஆயிரமாயிரம் ஆசிரியர்கள் கறுப்பு உடையில் சியோல் தெருக்களில் அமர்ந்தார்கள். செப்டெம்பர் 4, அவர் மறைந்த 49ஆம் நாள். பௌத்த வழக்கில் அது நம் அந்தியேட்டி போன்ற நாள். அன்று விடுப்பு எடுத்து அஞ்சலி செலுத்துவது என்று நாடெங்கும் ஆசிரியர்கள் தீர்மானித்தார்கள். கல்வி அமைச்சு அதைச் சட்டவிரோதம் என்று எச்சரித்தது. பெருந்தொகையானோர் போன பிறகு, தண்டனை இல்லை என்று பின்வாங்கியது. அதே மாதம் 21ஆம் தேதி ஆசிரியர்களைப் பாதுகாக்கும் நான்கு சட்டத் திருத்தங்கள் தேசிய சபையில் நிறைவேறின.

செப்டெம்பர் 4 காலை என் இணை ஆசிரியை பாடசாலைக்கு வந்திருந்தார். கறுப்புச் சட்டை, கறுப்புப் பாவாடை. விடுப்பு விண்ணப்பத்தை முதல் நாள் இரவு திறந்து, காரணம் என்ற கட்டத்தின் முன் ஒரு மணி நேரம் இருந்ததாகச் சொன்னார். எதையும் எழுத முடியாமல் மூடிவிட்டாராம். அன்று முழுவதும் அவர் எவருடனும் கதைக்கவில்லை.

ஒத்துப்போ என்று கேட்பவர்கள் ஒரே விதியையாவது எல்லோருக்கும் வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். சனவரி விடுமுறையில் கொரிய ஆசிரியர்கள் கல்வி அலுவலர் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி வீட்டிலிருந்தே பயிற்சி மேற்கொள்ளலாம். ஒப்பந்த ஆசிரியையான எனக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. என் விடுமுறை நாட்கள் தீர்ந்தபின், பிள்ளைகள் இல்லாத கட்டடத்தில், நாளுக்கு எட்டு மணி நேரம் தனியாக இருந்தேன். முழங்காலில் போர்வை, மேசைக்கடியில் ஒரு சிறு வெப்பமூட்டி. தாழ்வாரக் குழாய் உறைந்துபோயிருந்தது. உணவுக்கூடம் பூட்டியிருந்தது. ஹ்வேஷிக்குக்கு நான் கட்டாயம் வர வேண்டிய குடும்பத்தவள். சனவரியில் யாரும் என்னை நினைத்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பாகுபாடு இன்று நேற்று வந்ததல்ல. ஒரு காலத்தில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் கட்டாய எச்.ஐ.வி. பரிசோதனை இருந்தது. பக்கத்து மேசைக் கொரிய ஆசிரியருக்கு அது கிடையாது. உல்சானில் கற்பித்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் 2009இல் அதை மீண்டும் செய்ய மறுத்து வேலையை இழந்தார். இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2015இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல் அந்த விதி நீக்கப்பட்டது. நான் அந்த ஊசிக்குக் கை நீட்ட வேண்டி வராதது அவரால்தான். அவரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பித்தேன். பிள்ளைகளுக்காகத்தான். 2024 மார்ச்சில் அதிபர் வேறு பாடசாலைக்கு மாறிப் போனார். அங்கே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லோரும் மாறுவார்கள். புதிய இருக்கைப் படம் அச்சாவதற்கு முன்பு பிரதி அதிபரிடம் நானே போனேன். கொரிய எழுத்தில் என் பெயரை எழுதிய தாளை இரண்டு கையாலும் கொடுத்து, "இதன் பின்னால் சொன்செங்நிம் என்றும் போட வேண்டும்" என்று கேட்டேன். அவர் தாளை நீண்ட நேரம் பார்த்தார். பெயர் வந்தது.

ஏப்ரல் இறுதியில் மறுபடி காய்ச்சல். இந்தத் தடவை ஏழு மணிக்கு யாரிடமும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்துவிட்டு, மாலைவரை படுத்து உறங்கினேன்.

மறுநாள் பிரதி அதிபர் என் வணக்கத்துக்குத் தலையசைத்தார், அதற்குமேல் பேசவில்லை. மேசையில் ஒரு கோப்பை யூஜா என்ற எலுமிச்சை வகைப் பழத் தேநீர் மூடி வைத்திருந்தது. மூன்றாம் பாடவேளை முடிந்து அறை வெறுமையானதும், இணை ஆசிரியை கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஸ்ஸேம், காரணம் என்ற இடத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள்?"

"காய்ச்சல் என்று எழுதினேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் தன் கணினிப் பக்கம் திரும்பினார். சற்று நேரத்தில், விடுப்பு விண்ணப்பப் பக்கம் அவர் திரையில் திறந்திருப்பதைக் கண்டேன்.