அறுவடை மாதம், பெகு, பர்மா

2018 நவம்பர் 2

மாலையில் மூன்றாம் கட்டிலுக்கு ஆள் வந்தது. வயது 34. நெல் அறுத்துக்கொண்டிருந்தவர். வலது கணுக்காலுக்கு மேல் கடி. லுங்கியைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டியிருந்தார்கள், பாதம் கறுத்துக் குளிர்ந்திருந்தது. பாம்பையும் உரச்சாக்கில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். தலை நசுங்கியிருந்தாலும் முதுகில் மூன்று வரிசையாகக் கருவளையம் இட்ட புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. கண்ணாடி விரியன்.

பாம்பைப் பார்த்தாலும் குழாயைப் பார்க்காமல் நான் முடிவு செய்வதில்லை. புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், 20 நிமிடம் தொடாமல் வைப்பது, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்து உறைந்ததா என்று பார்ப்பது. சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ பொய் சொல்லும். அதனால் புதுக் குழாய்ப் பெட்டி ஒன்றை என் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன், நர்ஸுகளுக்கு என்மேல் வருத்தம்தான். சாய்த்தேன். கட்டியே இல்லை. ரத்தம் அத்தனையும் சுவரில் வழிந்து ஓடியது.

ரங்கூனின் இன்செயினில் செய்த விஷமுறி 80 மில்லி. பத்தாவது நிமிடத்தில் மார்பெல்லாம் தடித்து இருமத் தொடங்கினார். தொடையில் அட்ரினலின் அரை மில்லிகிராம். அடங்கியது, மருந்தைத் தொடர்ந்தேன். அதன் பிறகுதான் கட்டைத் தளர்த்தினேன்.

மனைவி பீலிக்கான் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 3

விடியற்காலையில் எடுத்த ரத்தம் உறைந்துவிட்டது. குழாயைச் சாய்த்தபோது கட்டி அசையவே இல்லை. வார்டு முழுக்க நிம்மதி. பிழைத்துவிட்டார் என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போகிறது.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. கண்கள் காரணம். வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய தோல் இரண்டு கண்ணிலும் நீர் கோத்துப் புடைத்து, இமை மூடினாலும் நடுவில் பிதுங்கித் தெரிகிறது. நுண்குழாய்கள் உடம்பு முழுக்கக் கசிகின்றன என்பதற்கு இந்த நாட்டு விரியன் கொடுக்கும் அடையாளம் அது. இந்த அடையாளம் வந்தவர்களில் பலருக்கு நோய் முற்றுகிறது. மூத்திரம் 140 மில்லி, கறுப்புக் காப்பி நிறம்.

நவம்பர் 4

மூத்திரம் 60 மில்லி. விலாவுக்குக் கீழே முதுகில் இரண்டு பக்கமும் தொட்டால் துடிக்கிறார்.

நவம்பர் 5

பொட்டாசியம் 6.4, இதயத்துக்கு ஆபத்தான அளவு. ஈ.சி.ஜி.யில் டி அலைகள் கூர்மையாக எழுந்து நிற்கின்றன. கால்சியம் குளூக்கோனேட் போட்டோம். டயாலிசிஸ் இயந்திரம் அப்போதே கிடைத்ததால், பொட்டாசியத்தை இறக்க இன்சுலின் போடவில்லை. இதைக் கேஸ் ஷீட்டிலும் எழுதினேன், இங்கேயும் எழுதுகிறேன்: இன்சுலின் போடவில்லை.

சென்னையிலிருந்து அத்தை மகன் பேசினான். அங்கே விஷமுறி தாராளமாகக் கிடைக்கிறதாம், யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டான். நல்ல மனது. ஆனால் அது வடநெம்மேலியில் இருளர்கள் பிடிக்கும் இந்திய விரியனின் விஷத்திலிருந்து தயாராவது. 1978இல் தொடங்கிய அந்த இருளர் கூட்டுறவுச் சங்கம் செய்துவரும் வேலைக்குத் தமிழ்நாடே கடன்பட்டிருக்கிறது. எங்கள் வயலில் இருப்பது வேறு இனம். இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம், விஷத்தின் கலவைதான் வேறு. இலங்கையில் அந்த விரியன் கடித்தால் இமை சரிகிறது. இங்கே கடிப்பது வேறு இடத்தைத் தேடிப் போகிறது. வேண்டாம் என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

மூத்திரம் 40.

நவம்பர் 6

தீபாவளி. அம்மா காலையில் பேசினாள், எண்ணெய் தேய்த்துக்கொண்டாயா என்றாள். ஆம் என்றேன்.

நவம்பர் 7, அதிகாலை

இப்போதே எழுதினால்தான் வரிசை மறக்காது.

இரவு 1 மணிக்கு நர்ஸ் எழுப்பினார். மூன்றாம் கட்டிலுக்கு நினைவில்லை. ரத்த அழுத்தம் 70/40. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதா என்று முதலில் தேடினேன். வயிறு மெத்தென்றுதான் இருந்தது, ஹீமோகுளோபின் குறையவில்லை. உறைதல் குழாயை மறுபடி வைத்தேன், உறைந்தது. காய்ச்சல் இல்லை. விரல் நுனியில் சர்க்கரை 38.

38! குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார், மனைவி பெயரைச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் மறுபடி 44. மறுபடி ஏற்றினேன். மறுபடி இறங்கியது. உப்பு நீர் ஏற்றியும் அழுத்தம் 80ஐத் தாண்டவில்லை.

மூத்த மருத்துவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "செப்சிஸ். ஆன்டிபயாடிக்கை மாற்று, அழுத்தத்துக்கு மருந்து ஓட்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ரத்தத்தில் தொற்று என்று அர்த்தம். ஆன்டிபயாடிக்கை மாற்றினேன், அதில் நஷ்டமில்லை. சிறுநீரகம் நின்றாலும் சர்க்கரை குறையும், அதுவும் உண்மை. ஆனால் இன்சுலின் படாத உடம்பில், காய்ச்சல் இல்லாமல், விட்டு விட்டுச் சர்க்கரை விழுவதும் அழுத்தம் எதற்கும் எழாமல் கிடப்பதும் ஒன்றாக வந்தால், கடித்தது இந்த நாட்டு விரியனாகவும் இருந்தால், நெற்றிக்குப் பின்னால் மூளையின் அடியில் தொங்கும் பயறளவுச் சுரப்பியை நினைக்காமல் இருக்க முடியுமா? பிட்யூட்டரி செத்தால் கார்டிசோலுக்கு உத்தரவு போகாது. கார்டிசோல் இல்லாத உடம்பு எதையும் தாங்காது.

கார்டிசோல் பரிசோதனை இங்கே கிடையாது. முதலில் ரத்தம் எடுத்து, பிரித்து, ஐஸில் வைத்தேன். அடுத்த நிமிடமே கார்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி. முடிவு வரும்வரை காத்திருந்தால் முடிவைப் பார்க்க அவர் இருக்கமாட்டார்.

இப்போது மணி 5:40. அழுத்தம் 104/60. சர்க்கரை 112. நானாக எதையும் ஏற்றாமலே 112.

நவம்பர் 8

சர்க்கரை 98, 106, 101. மூத்திரம் 70.

நவம்பர் 9

பத்து வயதுப் பெண். விடியும்போது வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்தாளாம். வீட்டில் வாயுப்பிடிப்பு என்று ஓமம் கொடுத்திருக்கிறார்கள். இங்கே வரும்போது இரண்டு இமையும் பாதிக்கு இறங்கியிருந்தன, பேச்சு மூக்கால் வந்தது. கடித்த தடம் எங்கும் இல்லை. தரையில் பாய் போட்டுப் படுத்தாயா என்று கேட்டேன். தலையாட்டினாள், பாதிதான் ஆட்ட முடிந்தது.

கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலிக்காது, வீங்காது. பல்பட்ட தடம் கொசுக்கடி அளவுகூட இராது. மதியத்துக்குள் மூச்சு ஆழமிழந்தது. குழாய் போட்டுக் கையால் பையை அழுத்தியபடியே ரங்கூனுக்கு அனுப்பினோம். அவளுடைய சித்தப்பாவுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து என்று பழக்கிவிட்டேன், நர்ஸின் கை சோரும்போது அவர் மாற வேண்டும். ஏற்றும்போது தாய் கதறினாள். "அவளுக்குக் காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது. கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே போங்கள்" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை. அந்த விஷம் தசையைத்தான் கட்டிப்போடுகிறது, நினைவைத் தொடுவதில்லை.

நவம்பர் 10

ரங்கூனிலிருந்து போன். அவள் வென்டிலேட்டரில் இருக்கிறாள், கால் விரலை அசைக்கிறாள்.

மூன்றாம் கட்டிலில் மூத்திரம் 210!

நவம்பர் 11

கார்டிசோல் முடிவு வந்தது: 1.8. அந்த நிலையில் கிடந்த உடம்பில் குறைந்தது 18ஆவது இருந்திருக்க வேண்டும்.

அந்த மூத்த மருத்துவரிடம் போனில் சொன்னேன். அவர் "அப்படியா" என்றார்.

பிரசவத்தில் ரத்தம் பெருக்கெடுத்த தாய்மார்களுக்கு இந்தச் சுரப்பி செத்துப்போவதை ஷீஹன் 1937இல் விவரித்தார். அதே கோலம் விரியன் கடித்தவர்களுக்கு வருவதை 1987இல் லான்செட் இதழில் எழுதியவர்கள் துன் பே, வாரல் முதலானோர். பார்த்தது இங்கே, பர்மாவில். விஷம் உறைதல் சங்கிலியில் பத்தாம் காரணியைத் தூண்டிவிடுகிறது. நுண்குழாய்களில் சின்னச் சின்னக் கட்டிகள் அடைக்கின்றன, உறைவதற்கான சரக்கு தீர்ந்து மற்ற இடங்களில் ரத்தம் ஒழுகுகிறது. சிறுநீரகமும் பிட்யூட்டரியும் இரண்டு விதத்திலும் அடிபடுகின்றன. எங்கள் மண்ணில் கண்டறிந்த ஒன்றுக்கு எங்கள் வார்டில் இன்றும் செப்சிஸ் என்று பெயர் வைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

நவம்பர் 12

மூன்றாம் கட்டிலுக்குக் கஞ்சி கொண்டுவருகிறவரை இன்று உட்கார்ந்து பார்த்தேன். மனைவியின் வாயில் அவர் "சின்ன மாமா". நோயாளியின் சித்தப்பா.

நடுப்பகலில் கம்பளிச் சட்டை. ஐம்பதை நெருங்கும் ஆணின் முகத்தில் ஒரு முடி இல்லை. சவரம் செய்த முகத்தில் ஒரு பச்சை இருக்குமே, அதுகூட இல்லை. வாயோரத்திலும் கண்ணோரத்திலும் மெல்லிய சுருக்கங்கள், கையில் எடுத்துக் கசக்கி விரித்த டிஷ்யூத் தாள் போல. புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்திருந்தது. வயலில் உழைத்த குடும்பத்தில் இவர் மட்டும் வெளிறிக் கிடக்கிறார். டிபன் தூக்கைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

உறங்க முடியவில்லை.

நவம்பர் 13

சின்ன மாமாவிடம் கேட்டுவிட்டேன். நர்கிஸ் புயல் அடித்த 2008இல், அறுவடையின்போது கடித்ததாம். விரியன். விஷமுறி போட்டார்கள், ஒரு வாரம் மூத்திரம் இல்லை, பிறகு தேறி வீட்டுக்குப் போனார். "அதற்குப் பிறகு சவரம் செய்ததே இல்லை தாயி. முளைத்தால்தானே" என்றார். அக்குளிலும் இல்லை. இரண்டு பிள்ளைகள், இருவரும் கடிக்கு முன் பிறந்தவர்கள். மற்றதை நான் கேட்பதற்குள் தலையைக் குனிந்துகொண்டார், நான் விட்டுவிட்டேன். காய்ச்சல் வரும்போதெல்லாம் மயங்கி விழுவாராம், குளுக்கோஸ் ஏற்றினால் எழுவாராம். எழுந்ததும் அனுப்பிவிடுவார்கள்.

ஊரில் சோம்பேறி என்று பெயர். அண்ணன் மகனின் மனைவியே சொல்கிறாள், "சின்ன மாமா உட்கார்ந்தால் எழமாட்டார் டாக்டரம்மா, வயலுக்கு அனுப்பினால் வரப்பில் தூங்குவார்." சாமிக்குத் தீராத வேண்டுதல் இருக்கிறது என்று ஒருமுறை அலகு குத்தவும் வைத்திருக்கிறார்கள். இந்த உடம்போடு அலகு குத்தி நடந்திருக்கிறார்! வழியில் விழுந்து போயிருக்கலாம்.

நவம்பர் 14

காலை 8 மணிக்கு அவருடைய ரத்தம். கார்டிசோல், தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன். ரங்கூன் பஸ்ஸில் ஐஸ் பெட்டி போய்விட்டது. பரிசோதனைக் கட்டணத்தை நானே கொடுத்தேன்.

நவம்பர் 15

மூன்றாம் கட்டிலில் மூத்திரம் 1,900. இனி எழுதுவதை நிறுத்தலாம். நிறுத்த மனமில்லை.

நவம்பர் 17

சின்ன மாமா: கார்டிசோல் 0.9. தைராய்டு மிகக் குறைவு, அதைத் தூண்டும் டி.எஸ்.எச். மட்டும் ஏறவில்லை. கோளாறு கழுத்துச் சுரப்பியில் என்றால் அது ஏறியிருக்கும். உத்தரவு போடும் இடமே பேசவில்லை.

முதலில் ஸ்டெராய்டு. சில நாள் கழித்துத்தான் தைராக்சின். வரிசை மாறினால் தைராக்சின் மிச்சமிருக்கும் கார்டிசோலையும் எரித்துவிடும், ஆள் சரிந்துவிடுவார். பயிற்சி டாக்டரிடம் இதை இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டேன்.

நவம்பர் 19

"நேற்றுச் சந்தை வரை நடந்தேன் தாயி, உட்காராமல்."

நவம்பர் 22

தசாங்டைன் பௌர்ணமி. வழியெல்லாம் விளக்கு, ஷ்வேமோடோ பகோடாவைச் சுற்றிக் கூட்டம். மூன்றாம் கட்டிலுக்கு இன்று டிஸ்சார்ஜ். மனைவியிடம் அட்டை கொடுத்தேன், கணவருக்கும் சின்ன மாமாவுக்கும் தனித்தனியாக. தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் பர்மியில் எழுதினேன்: மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாகப் போட வேண்டும், வாந்தி எடுத்தால் உடனே ஊசிக்கு வர வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இந்த அட்டையைக் காட்ட வேண்டும். சட்டைப்பையில் வைக்க பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன்.

மனைவி சின்ன மாமாவின் கஞ்சித் தூக்கைத் தானே வாங்கிச் சுமந்துகொண்டாள்.

நவம்பர் 24

ஆவண அறையில் பாம்புக்கடிப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினேன். ஓரங்கள் செல்லரித்திருக்கின்றன. மூத்திரம் நின்று, பிறகு பிழைத்து வீடு திரும்பியவர்களின் ஊரும் தகப்பன் பெயரும் மட்டும் தனித்தாளில் எழுதுகிறேன். எல்லோருக்கும் இப்படி ஆகியிருக்காது. ஆனவர் யாரென்று போய்ப் பார்த்தால்தான் தெரியும், முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பின்னாலிருந்து பார்த்து 2014 வரை வந்திருக்கிறேன்.