போனை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள்: எங்கள் சங்கத்தின் ஒன்லைன் பொதுக்கூட்டம்

கூட்டம் நடந்துவிட்டது. கணக்கறிக்கை நிறைவேறியது, புதிய நிர்வாகக் குழுவும் தெரிவாகிவிட்டது. ஆனாலும் கூட்டுறவுக் காரியாலயத்தில் அந்த மேசைக்கு முன்னால் நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எங்களுடையது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட மக்களின் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். நான் செயலாளர். இதேபோல் கூட்டம் வைக்கப்போகும் மற்ற மலையகச் சங்கங்களாவது வீணாக அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. வழக்கமாகக் கூட்டம் நடக்கும் பாடசாலை மண்டபத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன. மேல்கணக்குக்குப் போகும் பாதையில் (தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்றுதான் சொல்வோம்) மண் சரிந்து கிடந்தது. சில உறுப்பினர்கள் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கணக்காய்வு முடிந்திருந்ததால் கூட்டத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. சரி, ஜூமில் வைப்போம் என்று குழு தீர்மானித்தது.

அதற்கு அனுமதி கேட்டுக் கடிதத்தோடு கூட்டுறவுக் காரியாலயத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்லைன்ல எல்லாம் வைக்க ஏலாது" என்றார். எந்தச் சுற்றுநிருபத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு, கடிதம் தமிழில் இருக்கிறது, சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழில் கடிதம் கொடுப்பது யாரிடமும் கேட்டு வாங்கும் சலுகை இல்லை. அதைச் சொன்ன பிறகுதான் கடிதத்தை எடுத்தார். எடுத்ததும் அடுத்தது: சங்கத்தை நடத்தும் விதிகளான துணைவிதியின் திருத்தப் பிரதி இல்லையாம். பழைய கோப்பில் இருந்த பிரதியில் முத்திரை இல்லை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, உடைந்த பாதையில் பஸ் மாறி மாறிப் போனவனுக்கு அன்று கிடைத்தது இவ்வளவுதான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, முத்திரையிட்ட துணைவிதிப் பிரதியைத் திருத்தங்களோடு கையில் வைத்துக்கொள்வது. அடுத்தது, வாய்ப்பேச்சில் வரும் 'முடியாது' என்பதை ஏற்றுக்கொள்ளாமல் அதை எழுத்தில் கேட்பது. கூட்டுறவு மாகாண சபைகளின் விடயம் என்பதால், வேறு மாகாணத்தில் ஒரு சங்கத்துக்குக் கிடைத்த அனுமதியைக் காட்டி இங்கே வாதாடுவது எடுபடாது. நேரம்தான் போகும்.

கடைசியில் கைகொடுத்தவர் வெளிக்களத்தில் வேலை செய்யும் ஓர் உத்தியோகத்தர். "தம்பி, ஒன்லைன் கூட்டம் என்று எழுதாதீர்கள். ஒரே கூட்டம், பல இடங்களில் ஆட்கள் கூடுகிறார்கள், இடங்களை ஜூம் இணைக்கிறது என்று எழுதுங்கள். கோரத்தை, அதாவது கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை, கையெழுத்து இடாப்பில் மட்டும் எண்ணுங்கள்" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால், அவர் சொன்ன வழிதான் எங்கள் ஆட்களுக்கும் பொருத்தம்.

ஏனென்றால் எங்கள் பெரிய சிக்கல் இணையம் இல்லை. கூட்டுறவில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. பங்கு கூடினாலும் குறைந்தாலும் வாக்கு ஒன்றுதான். ஜூமோ ஆளை எண்ணுவதில்லை, உள்ளே வந்திருக்கும் போனைத்தான் எண்ணுகிறது. ஒரு லயத்து வீட்டில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கணவன், மனைவி, மாமியார் மூவரும் உறுப்பினர்களாக இருப்பார்கள், ஸ்மார்ட் போன் ஒன்றே ஒன்று. அதுவும் பெரும்பாலும் கணவன் கையில் அல்லது மகன் கையில். ஜூமில் வாக்கெடுப்பு வைத்தால் அந்த வீட்டுக்கு ஒரு வாக்குத்தான். எங்கள் சங்கத்தில் மாதாமாதம் தவறாமல் சந்தா கட்டுபவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். போனை எண்ணியிருந்தால் முதலில் விடுபட்டுப்போவது அவர்கள்தான். இதை எந்தச் சங்கமும் லேசாக எடுக்கக்கூடாது. பரீட்சித்துப் பார்த்தபோது, கூட்டத்தை நடத்தும் ஜூம் கணக்கிலிருந்து வாக்களிக்கவும் முடியவில்லை. அப்படியென்றால் செயலாளரின் வாக்கும் போய்விடும்.

அதனால் ஒவ்வொரு கணக்கிலும் ஓர் இடம் வைத்தோம்: ஓரிடத்தில் பிள்ளை மடுவம் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்), ஓரிடத்தில் கோயில் மடம், ஓரிடத்தில் வாசிகசாலை. இடத்துக்கு ஒரு போன், ஒரு ஸ்பீக்கர், ஒரு கையெழுத்து இடாப்பு, அடையாள அட்டை பார்க்க ஒருவர். கையை உயர்த்தி வாக்களிக்கும்போது, வேறு கணக்கைச் சேர்ந்த இருவர் எண்ணி எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். தன் கணக்கை யாரும் தானே எண்ணக்கூடாது. இந்த ஒரு விதியால் பிறகு ஒரு முறைப்பாடுகூட வரவில்லை. கொழும்பிலிருந்து தனியாக இணைந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாயால் பதில் வாங்கினோம்.

அழைப்பிதழில் ஓர் ஆபத்து இருந்தது. லயங்களுக்குப் போகும் கடிதங்கள் பல இடங்களில் இன்னும் தோட்டக் காரியாலயத்தில்தான் வந்து குவிகின்றன. வீட்டு வாசலுக்கு நேரே வருவதில்லை. பிந்திக் கிடைத்த அறிவித்தலைக் காட்டி ஒருவர் கூட்டமே செல்லாது என்று சொல்லிவிடலாம். தபாலில் போட்டதோடு நிற்காமல், கையிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அறிவித்தலில் அந்த நீண்ட இணைப்பை அச்சடிப்பதில் பயனில்லை, யாராலும் பார்த்துத் தட்ட முடியாது. கூட்ட இலக்கத்தை மட்டும் போடுங்கள். கடவுச்சொல்லை வெறும் எண்களாக மாற்றிவிடுங்கள், ஆங்கில எழுத்து வேண்டாம்.

இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். பொதுக்கூட்டத்துக்கு அது கணக்கறிக்கை வாசிக்கவே போதாது. ஒரு மாதத்துக்குக் காசு கட்டலாம் என்றால் டொலரில் கட்ட வேண்டும், சங்கத்திடம் அதற்குரிய கார்ட் இல்லை. உறுப்பினர் ஒருவர் தன் கார்டில் கட்டினார். பற்றுச்சீட்டு அவர் பெயரில் வந்ததால் பொருளாளர் வவுச்சர் போட மறுத்தார். அவர் மறுத்தது சரிதான். கட்டுவதற்கு முன்பே குழுத் தீர்மானம் ஒன்றை எழுதி, யாருடைய கார்ட், எவ்வளவு, ஏன் என்று பதிந்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது.

பொருளாளர் பதவிக்குப் போட்டி இருந்தது. அதைக் கைதூக்கி முடிக்க முடியாது. இடங்களில் வாக்குச்சீட்டும் பெட்டியும் வைத்தோம். தூரத்தில் இருந்தவர்களுக்கு கூகுள் படிவம். ஆனால் பெயரைக் கேட்டால் இரகசியம் போய்விடும், கேட்காவிட்டால் ஒருவரே இரண்டு தடவை போடலாம். அதனால் சங்கத்தில் உறுப்பினர் அல்லாத, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் எண்கள் எழுதிய சீட்டுகளைக் கொடுத்தோம். அவர் குலுக்கி எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணை போனில் சொன்னார். யாருக்கு எந்த எண் என்பது எங்களுக்குத் தெரியாது. படிவத்தில் பெயருக்குப் பதிலாக அந்த எண் மட்டும். எந்த எண்ணும் இரண்டு தடவை வரவில்லை. தோற்ற வேட்பாளரே முடிவை ஏற்று முதலில் கைதட்டினார்.

நாள் ஞாயிறு, பிற்பகல். காலையில் வைத்திருந்தால் டவுனுக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் பின்னேரமானால் மழை, மழை வந்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போகும். எதிர்பார்த்தபடியே பிள்ளை மடுவம் அறுந்தது. அதற்கென்று முன்பே விதி எழுதி, ஆரம்பத்தில் வாசித்திருந்தோம்: ஓர் இடம் அறுந்தால் பேச்சு தொடரும், வாக்கெடுப்பு நிற்கும். சாதாரண கோலில் கூப்பிட்டு, அந்த போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து அவர்களை மீண்டும் சேர்த்தோம். ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன்பு தலை எண்ணிக்கை திரும்ப எடுத்தோம். ஒரே அறையில் இரண்டு போனில் மைக் திறந்திருந்தால் காது கிழியும், கவனம். இதையெல்லாம் சமாளித்தவர்கள் எங்கள் பிள்ளைகள். கொரோனா காலத்தில் பாறையில் ஏறி நின்று ஒன்லைன் வகுப்புப் படித்தவர்களுக்கு எந்த மூலையில் சிக்னல் வரும் என்று அத்துப்படி.

மேல்கணக்கு அம்மா ஒருவர், சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து உறுப்பினர். கடன் வட்டியை ஏன் மீதித் தொகைக்குப் போடாமல் முழுத் தொகைக்கும் போடுகிறீர்கள் என்று கேட்டார். பாடசாலை மண்டபத்துக்கு இறங்கி ஏறக் கால் வலிக்கும் என்பதால் இத்தனை வருடம் அவர் வந்ததே இல்லை. அவர் கேட்டதை அப்படியே பிரேரணையாக எடுத்தோம், எல்லா இடங்களிலும் கை உயர்ந்தது.

கூட்டறிக்கையில் ஒவ்வொரு இடத்தின் எண்ணிக்கையையும் தனித்தனியாக எழுதி, இடாப்புகளை இணைத்து, ஒளிப்பதிவை பென்டிரைவில் போட்டுக் காரியாலயத்தில் கொடுத்தோம். பெற்றுக்கொண்ட முத்திரையை எங்கள் பிரதியிலும் குத்தி வாங்கிக்கொண்டேன். பல இடங்களில் கூடும் முறையைத் துணைவிதியிலேயே சேர்க்கும் திருத்தத்துக்கும் அன்றே தீர்மானம் எடுத்துவிட்டோம். அதன் பதிவுக்குத்தான் இப்போது காத்திருக்கிறோம். வரைபு தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது, வேண்டுகிற சங்கங்களுக்குத் தருகிறேன்.